மெனுவை மறைத்துவிட்டு ‘அணுகல் கட்டுப்பாடு’ என்று விற்றார்கள்

கணக்கு, சரக்கிருப்பு, சம்பளம் ஆகிய மூன்றையும் ஒரே மென்பொருளில் கொண்டுவருவதற்காக எங்கள் நிறுவனம் ஒரு விற்பனையாளரிடம் ஒப்பந்தம் செய்துகொண்டது. யார் எதைப் பார்க்கலாம், எதைத் திருத்தலாம், எதற்கு ஒப்புதல் தரலாம் என்பதைப் பொறுப்பு வாரியாக நாங்களே வரையறுத்துக்கொள்ளலாம் என்று நேரிலும் சொன்னார்கள், ஒப்பந்தத்திலும் எழுதிக் கொடுத்தார்கள். அந்த வசதிக்கென்று தனிக் கட்டணமும் வாங்கினார்கள். கிடைத்தது என்ன என்பதையும், கேட்டபோது எப்படி நடத்தப்பட்டோம் என்பதையும் இத்தகைய மென்பொருளை வாங்கவிருப்பவர்கள் பணம் கட்டும் முன் அறிந்திருக்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

விற்பனைப் பிரிவு ஊழியர் ஒருவர் உள்நுழைந்தால் சம்பளப் பிரிவுக்கான மெனு அவருடைய திரையில் தோன்றாது. செயல்விளக்கத்தில் இதைத்தான் காட்டினார்கள். பார்ப்பதற்குச் சரியாகவே இருந்தது. பிறகு ஒருமுறை, வேறொருவருடைய சம்பளச் சீட்டின் இணைப்பு தவறுதலாக அந்த ஊழியருக்கு மின்னஞ்சலில் போய்விட்டது. அவர் சொடுக்கியதும் சீட்டு முழுமையாகத் திறந்துகொண்டது. நேர்மையானவர் என்பதால் உடனே என்னை அழைத்துக் காட்டினார். அவருடைய கணக்கிலேயே, முகவரிப் பட்டையின் கடைசியில் இருந்த எண்ணோடு ஒன்றைக் கூட்டி என்டர் தட்டினேன். அடுத்த ஊழியரின் அடிப்படைச் சம்பளம், பிடித்தங்கள், வங்கிக் கணக்கு எண் எல்லாம் அப்படியே திரையில் வந்து நின்றன.

மெனுவை மறைப்பது திரையளவில் முடிந்துவிடும் வேலை. ஒவ்வொரு கோரிக்கை வரும்போதும், இந்தப் பயனருக்கு இந்தக் குறிப்பிட்ட பதிவைப் பார்க்க உரிமை உண்டா என்று சர்வர் சரிபார்த்த பிறகே தரவை அனுப்ப வேண்டும். எங்களுக்கு விற்கப்பட்ட மென்பொருளில் அந்தச் சரிபார்ப்பு எழுதப்படவே இல்லை. இணையச் செயலிகளின் பாதுகாப்புக் குறைகளைத் தரவரிசைப்படுத்தும் ஓவாஸ்ப் அமைப்பு, 2017ஆம் ஆண்டுப் பட்டியலில் 5ஆம் இடத்தில் வைத்திருந்த அணுகல் கட்டுப்பாட்டுக் குறைபாட்டை 2021இல் முதலிடத்துக்குக் கொண்டுவந்தது. ஆகவே இந்தத் தொழிலில் இருப்பவர்கள் இதைக் கேள்விப்பட்டதில்லை என்று சொல்வதை ஏற்க முடியாது. எங்கள் புகாருக்கு வந்த பதிலோ, ‘உங்கள் ஊழியர்கள் யாரும் அப்படி எண்ணை மாற்றிப் பார்க்க மாட்டார்கள்’ என்பதுதான். சரிசெய்ய வேண்டுமென்றால் அது கூடுதல் பணி என்று சொல்லி விலைப்பட்டியலையும் இணைத்திருந்தார்கள்.

அதன் பிறகு மற்றவற்றையும் சோதித்தோம். கடவுச்சொல் மறந்துவிட்டது என்ற பொத்தானை அழுத்தினால், புதிதாக ஒன்றை அமைத்துக்கொள்ளும் இணைப்பு வருவதற்குப் பதிலாகப் பழைய கடவுச்சொல்லே எழுத்துக்கு எழுத்து மின்னஞ்சலில் வந்தது. திரும்ப அனுப்ப முடிகிறது என்றால் அது படிக்கக்கூடிய வடிவிலோ, எளிதில் மீட்கக்கூடிய வடிவிலோ சேமிக்கப்பட்டிருக்கிறது என்றே பொருள். கடவுச்சொல்லை ஹாஷாக, அதாவது மூலச் சொல்லைத் திரும்பப் பெற முடியாத எழுத்துக்கோவையாக, மாற்றி வைப்பதற்கு 1999இல் வெளியான பிகிரிப்ட், 2015இல் கடவுச்சொல் ஹாஷிங் போட்டியில் வென்ற ஆர்கான்2 போன்ற முறைகள் இலவசமாகவே கிடைக்கின்றன. இதற்குச் செலவைக் காரணம் காட்டவும் வழியில்லை.

வேலையை விட்டுச் சென்ற ஒருவருடைய கணக்கை முடக்கிய பிறகும், அவருடைய கைபேசியில் ஏற்கெனவே உள்நுழைந்து திறந்திருந்த அமர்வு தொடர்ந்து வேலை செய்தது. முடக்கும் பொத்தான் புதிய உள்நுழைவை மட்டுமே தடுத்தது. 2021 மே மாதத்தில் அமெரிக்காவின் கலோனியல் பைப்லைன் நிறுவனம் இணையத் தாக்குதலால் எரிபொருள் குழாய்களை நிறுத்தும் நிலைக்கு வந்ததற்கு, பயன்பாட்டில் இல்லாதபோதும் மூடப்படாமலிருந்த, கடவுச்சொல்லுக்கு மேல் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பும் இல்லாத ஒரு வி.பி.என். கணக்கு (வெளியிலிருந்து நிறுவனத்தின் வலையமைப்புக்குள் நுழைய உதவுவது) வழிவிட்டது என்பதை நினைத்தால், இதைச் சிறு கோளாறு என்று விட்டுவிட மனம் வரவில்லை.

எல்லாவற்றையும்விட என்னைக் கோபப்படுத்தியது உச்ச நிர்வாகிக் கணக்கு. எங்களுக்குத் தரப்பட்ட ‘அட்மின்’ கணக்குக்கு மேல், எங்கள் பயனர் பட்டியலில் தெரியாத ஒரு கணக்கு அவர்களிடம் இருந்தது. அவர்களுடைய உதவிப் பிரிவில் உள்ள அனைவரும் ஒரே கடவுச்சொல்லால் அதைப் பயன்படுத்தினார்கள். எங்கள் கணக்கிலிருந்து ஒரு பில் நீக்கப்பட்டது ஏன் என்று விசாரித்தபோது, நடவடிக்கைப் பதிவேட்டில் அந்தப் பொதுப் பெயரும் நேரமும் மட்டுமே இருந்தன. எந்த மனிதர் செய்தார் என்பதை அவர்களாலும் சொல்ல முடியவில்லை. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கப்போவதில்லை என்று தெரிவித்தவுடன், அடுத்த ஆண்டுக் கட்டணத்தைச் செலுத்தினால்தான் தரவை முழுமையாக வெளியே எடுக்கும் உரிமை தருவோம் என்றார்கள். அந்த உரிமை அந்த மறைவான கணக்கில்தான் இருந்தது. எங்கள் சொந்தக் கணக்கு விவரங்களுக்கே எங்களைக் காத்திருக்க வைத்ததை மோசடி என்று சொல்லாமல் வேறு என்னவென்று சொல்வது?

வாங்கவிருப்பவர்கள் செயல்விளக்கத்தின்போதே குறைந்த உரிமையுள்ள ஒரு கணக்கைக் கேட்டு வாங்கி, அதிலிருந்து நிர்வாகியின் பக்க முகவரியை நேரடியாகத் திறந்து பார்க்க வேண்டும். ‘அனுமதி இல்லை’ என்ற பதில் சர்வரிலிருந்து வர வேண்டும். பக்கம் திறந்துவிட்டால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள். பில் போடுபவரும் அதற்கு ஒப்புதல் தருபவரும் ஒரே ஆளாக இருக்க முடியாதபடி அமைக்க முடிகிறதா என்பதையும் அப்போதே செய்து காட்டச் சொல்லுங்கள். விற்பனையாளர் உள்ளே வர வேண்டுமென்றால் நீங்கள் திறந்துவிடும் நேரத்தில், தனித்தனிப் பெயரில், இரண்டாம் கட்டச் சரிபார்ப்போடு வர வேண்டும் என்பதும், ஒப்பந்தம் முடியும்போது முழுத் தரவும் நிபந்தனையின்றி உங்களிடம் வந்துசேரும் என்பதும் எழுத்தில் இருக்கட்டும்.

நாங்கள் அறிக்கைகளை ஒவ்வொன்றாகப் பதிவிறக்கி, வேறொரு மென்பொருளுக்கு மாறிவிட்டோம். கட்டிய பணம் திரும்பவில்லை. அவர்களிடம் உள்ள எங்கள் தரவுப் பிரதிகளை அழித்துவிட்டதாகத் தொலைபேசியில் சொன்னார்கள். எழுத்துப்பூர்வமான உறுதி இன்னும் வரவில்லை.