மந்த காலத்தில் ஆர்லாண்டோ: டிஸ்னி ரிசார்ட்டா, வெளி ஹோட்டலா?

பொருளாதாரம் படுத்துவிட்டால் தீம் பார்க்குகள் காற்று வாங்கும், டிக்கெட் விலையும் இறங்கும், அந்த நேரம் பார்த்துப் போய்வந்துவிடலாம் என்று ஒரு பேச்சு உண்டு. பெரும்பாலும் இரண்டுமே நடப்பதில்லை. 2009-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் வேலைகள் மளமளவென்று போய்க்கொண்டிருந்த ஆண்டு அது. அந்த ஆகஸ்டில்தான் புளோரிடாவின் ஆர்லாண்டோ நகரை ஒட்டிய தீம் பார்க் வளாகமான வால்ட் டிஸ்னி வேர்ல்டு தன் ஒருநாள் டிக்கெட்டை 75 டாலரிலிருந்து 79 டாலராக ஏற்றியது. கூட்டமும் பெரிதாகக் குறையவில்லை. ஆனாலும் டிஸ்னியின் பார்க்ஸ் பிரிவுக்கு அந்த நிதியாண்டில் செயல்பாட்டு லாபம் சுமார் கால் பங்கு சரிந்தது.

ஆட்கள் வந்தும் லாபம் ஏன் போனது? வந்தவர்கள் உள்ளே கையைச் சுருக்கிக்கொண்டார்கள். அவர்களை வரவழைக்கவே ஹோட்டல் வாடகையில் டிஸ்னி அள்ளிக் கொடுக்க வேண்டியிருந்தது. நான்கு இரவுக்குப் பணம் கட்டினால் ஏழு இரவு தங்கலாம் என்ற சலுகை அப்போது வந்ததுதான். வாசலில் விலை ஏற, அறையில் விலை இறங்கியது. இதைப் புரிந்துகொண்டால் மந்த காலத்தில் எங்கே தங்குவது என்ற கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

அலுவலகத்தில் ஆட்குறைப்புப் பேச்சு ஓடிக்கொண்டிருந்த நேரத்தில்தான் பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுத்திருந்த ஆர்லாண்டோ பயணத்தை நாங்களும் முடிவுசெய்ய வேண்டியிருந்தது. என் மனைவி வெளி ஹோட்டல் கட்சி. நான் டிஸ்னியின் சொந்த ரிசார்ட் கட்சி. கடைசியில் ரிசார்ட்டில்தான் தங்கினோம். அதனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வழக்கமான ஒப்பீட்டை வேகமாக முடித்துவிடலாம். டிஸ்னி ரிசார்ட்டில் தங்கினால் பார்க்குக்கு இலவசப் பேருந்து, திறக்கும் நேரத்துக்கு அரை மணி முன்பே உள்ளே போகும் வசதி, வரிசையைத் தாண்டிச் செல்லும் லைட்னிங் லேனை ஏழு நாள் முன்பே பதிவு செய்யும் உரிமை எல்லாம் உண்டு. வெளியே தங்குபவர்களுக்கு லைட்னிங் லேன் மூன்று நாள் முன்புதான் திறக்கும். பார்க்கிங்குக்கும் நாளொன்றுக்கு 30 டாலருக்குக் குறையாமல் எடுத்து வைக்க வேண்டும். வெளி ஹோட்டலிலோ அதே பணத்துக்குப் பெரிய அறை கிடைக்கும், பல இடங்களில் சமையலறையும் காலை உணவும் சேர்ந்தே வரும். சில ஹோட்டல்கள் வாடகைக்கு மேல் ரிசார்ட் ஃபீ என்று ஒன்றைப் போடும். 2025 மே மாதத்திலிருந்து அதையும் சேர்த்த மொத்தத் தொகையைத்தான் முதலிலேயே காட்ட வேண்டும் என்று அமெரிக்காவில் விதி வந்துவிட்டதால், விலைகளை ஒப்பிடுவது முன்பைவிடச் சுலபம். இதெல்லாம் எந்த ஆண்டுக்கும் பொருந்தும். மந்த காலத்தில் மாறுவது வேறு.

முதலில் விலை எப்படி இறங்குகிறது என்று பார்ப்போம். நேற்று காலியாகக் கிடந்த அறையை இன்று விற்க முடியாது. அதனால் ஆள் குறைந்தால் எல்லா ஹோட்டலுக்கும் கை நடுங்கத்தான் செய்யும். ஆனால் ஒவ்வொருவரும் அதைச் சமாளிக்கும் விதம் ஒன்றல்ல. டிஸ்னிக்கு வெளியே, இன்டர்நேஷனல் டிரைவ் சாலையிலும் கிஸ்ஸிமி ஊர்ப் பக்கம் 192 நெடுஞ்சாலையிலும் இருக்கும் ஹோட்டல்கள் பக்கத்து ஹோட்டலைப் பார்த்துப் பார்த்து விலையைக் குறைக்கும். அவர்களிடம் விற்க அறையைத் தவிர வேறொன்றும் இல்லை.

டிஸ்னிக்கு இன்னொரு வழி உண்டு: அறைகளையே சந்தையிலிருந்து எடுத்துவிடுவது. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு சுற்றுலா சுருண்டபோது போர்ட் ஆர்லியன்ஸ் ஃபிரெஞ்ச் குவார்ட்டர் என்ற தன் ரிசார்ட்டைப் பல மாதங்கள் மூடியே வைத்தார்கள். கட்டிக்கொண்டிருந்த பாப் செஞ்சுரி ரிசார்ட்டின் ஒரு பாதிதான் 2003 டிசம்பரில் திறந்தது. மறுபாதி ஆண்டுக்கணக்கில் எலும்புக்கூடாக நின்று, 2012-ல் ஆர்ட் ஆஃப் அனிமேஷன் என்ற வேறு பெயரில் வந்தது. ஆகவே மந்தம் வந்தால் டிஸ்னி தானாகக் கதவைத் திறந்து கொட்டிவிடும் என்று நினைக்க வேண்டாம். அது கொடுக்கும் தள்ளுபடிக்குக் கணக்கு உண்டு. குறிப்பிட்ட தேதிகளுக்கு, குறிப்பிட்ட அறைகளுக்கு, இத்தனை அறை மட்டும் என்று வரும். விலை அதிகமான டீலக்ஸ் ரிசார்ட்டுகளில் சதவீதம் பெரிதாக இருக்கும், மலிவான வேல்யூ ரிசார்ட்டுகளில் சிறிதாக இருக்கும். கிறிஸ்துமஸ் வாரத்துக்கு எதையும் எதிர்பார்க்க வேண்டாம்.

வெறும் வாடகைச் சரிவை மட்டும் பார்த்தால் வெளி ஹோட்டலே முன்னால் நிற்கும். அதை மறுக்க மாட்டேன். என் மனைவியின் வாதமும் அதுதான், அவர் போட்ட கணக்கில் தப்பில்லை.

நான் மாறுபட்டது ஒரே இடத்தில்: பணம் எப்போது நம் கையை விட்டுப் போகிறது, போனது எப்போது திரும்பி வரும்? நல்ல காலத்தில் இதை யாரும் யோசிப்பதில்லை. எட்டு மாதம் கழித்து வேலை இருக்குமா என்று தெரியாத காலத்தில் வாடகையைவிட இது பெரிய விஷயம்.

டிஸ்னியில் அறையும் டிக்கெட்டும் சேர்ந்த பேக்கேஜாக புக் செய்தால் முன்பணம் 200 டாலர். மீதியைப் பயணத்துக்கு 30 நாள் முன்பு கட்டினால் போதும். அந்த 30 நாள் எல்லைக்கு முன்பு ரத்து செய்தால் கட்டியது முழுவதும் திரும்பி வரும். எல்லையைத் தாண்டினால் 200 டாலர் போகும், கடைசி நேரத்தில் கைவிட்டால் எல்லாமே போகும். டிக்கெட் இல்லாமல் அறையை மட்டும் எடுத்தால் இன்னும் இலகு: ஓர் இரவு வாடகைதான் முன்பணம், வருவதற்கு ஐந்தாறு நாள் முன்பு வரை ரத்து செய்யலாம்.

பேக்கேஜில் பலர் கவனிக்காத ஒன்று, அதற்குள் இருக்கும் டிக்கெட்டின் பணமும் சேர்ந்தே திரும்புகிறது என்பது. வெளியே தங்கினால் டிக்கெட்டைத் தனியாக வாங்க வேண்டும். தனியாக வாங்கிய டிக்கெட்டுக்குப் பணம் திரும்பாது. பயன்படுத்தாவிட்டால் அதன் மதிப்பைப் பின்னொரு நாள் வேறு டிக்கெட்டுக்குக் கழித்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். நால்வர் குடும்பத்துக்குப் பல நாள் டிக்கெட் என்றால் அது அறை வாடகைக்கு நிகரான தொகை. வேலை போன வீட்டுக்கு அடுத்த ஆண்டு டிஸ்னி போகலாம் என்ற வரவு வைத்து என்ன பயன்?

இதற்கு ஒரு பதில் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். வெளி ஹோட்டலிலும் ரத்து செய்யக்கூடிய விலை உண்டு. முன்பணமே வாங்காமல், ஒன்றிரண்டு நாள் முன்பு வரை ரத்து செய்ய விடும் ஹோட்டல்கள் நிறைய. அந்த அளவில் அவை டிஸ்னியைவிட மேல். சிக்கல் என்னவென்றால், நம்மை இழுக்கும் அந்தப் படுமலிவு விலை பெரும்பாலும் முன்கூட்டியே முழுப் பணமும் கட்டி, திரும்பப் பெற முடியாத விலையாக இருக்கும். ரத்து செய்யக்கூடிய விலையைத் தட்டிப் பார்த்தால் வித்தியாசம் சுருங்கிவிடும். வாடகை வீடுகள் கதை இன்னும் கடினம்: சுத்தம் செய்யும் கட்டணம் தனி, ரத்து விதிகள் வீட்டுக்காரருக்கு வீட்டுக்காரர் மாறும். கூட்டுக் குடும்பமாகப் பத்துப் பேர் போகிறீர்கள் என்றால் மட்டும் அந்தத் தலைவலி தகும்.

அப்புறம், புக் செய்த பிறகு விலை இறங்கினால்? மந்த காலத்தில் இது நடக்க வாய்ப்பு அதிகம், ஏனென்றால் எல்லோரும் கடைசி நேரம் வரை காத்திருப்பார்கள், பதிவுகள் மெலிந்திருப்பதைப் பார்த்து நிறுவனம் நடுவில் சலுகை விடும். டிஸ்னியில் கையில் இருக்கும் பதிவுக்கே புதிய சலுகையைப் போடச் சொல்லிக் கேட்கலாம். அந்தச் சலுகையில் நம் தேதிக்கும் அறை வகைக்கும் இடம் இருந்தால் போட்டுவிடுவார்கள். நாங்கள் செய்ததும் இதுதான். முழு விலையில் முன்கூட்டியே பிடித்து வைத்தோம், சலுகை வந்த அன்று காலையிலேயே தொலைபேசியில் உட்கார்ந்தோம். எங்கள் அறை வகைக்குக் கிடைக்கவில்லை, பக்கத்து வகைக்குக் கிடைத்தது, மாற்றிக்கொண்டோம். சலுகை வராமலே போயிருந்தாலோ, வேலையில் ஏதாவது ஆகியிருந்தாலோ, 30 நாள் எல்லைக்கு முன்பு ரத்து செய்துவிட்டு உட்கார்ந்திருப்போம்.

காத்திருந்து சலுகை வந்த பிறகு புக் செய்தால் என்ன என்று கேட்கலாம். செய்யலாம். ஆனால் சலுகைக்கு ஒதுக்கிய அறைகள் கொஞ்சம்தான். பள்ளி விடுமுறைக்குள் போயாக வேண்டியவர்களுக்குத் தேதி கையில் இல்லை. கையில் ஒரு பதிவை வைத்துக்கொண்டு காத்திருப்பதற்கும் வெறுங்கையோடு காத்திருப்பதற்கும் செலவு ஒன்றுதான் என்னும்போது வெறுங்கை எதற்கு?

இலவசச் சாப்பாடு என்று வரும் சலுகையில் மட்டும் நிதானம் தேவை. 2005-ல் ஆரம்பித்து மந்த காலத்தில் மிகப் பிரபலமான சலுகை அது. அதைப் பெற அறைக்கு முழு வாடகை கட்ட வேண்டியிருக்கும், அறைத் தள்ளுபடியோடு சேர்த்து வாங்க முடியாது. குறைவாகச் சாப்பிடும் வீட்டுக்கு அறைத் தள்ளுபடியே லாபம். எங்கள் பிள்ளைகள் பார்க்குக்குள் பாப்கார்னைத் தவிர எதையும் ஒழுங்காகச் சாப்பிட்டதில்லை என்பதால் எங்களுக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

கூட்ட விஷயத்துக்கு வருவோம். மந்தம் என்றால் வரிசை குறையும் என்பதை நம்பித் தங்குமிடத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். தூரத்திலிருந்து வருபவர்கள் குறைந்தால், அந்த இடத்தைச் சலுகைக்காக வருபவர்களும் ஆண்டு பாஸ் வைத்திருக்கும் உள்ளூர்க்காரர்களும் நிரப்புவார்கள். அதோடு நிறுவனமும் செலவைக் குறைக்கும். 2009-ல் டிஸ்னி தன் அமெரிக்கப் பார்க்குகளில் சுமார் 1,900 பணியிடங்களை நீக்கியது. எந்தப் பார்க்காக இருந்தாலும் நேரத்தைச் சுருக்கினால், ஓடும் வண்டிகளைக் குறைத்தால், ஆள் குறைந்தும் வரிசை நீளமாகவே இருக்கும். காலையில் கிடைக்கும் அந்த அரை மணிக்கு நான் கொஞ்சம் கூடுதல் மதிப்புக் கொடுப்பது இதனால்தான். வெளியிலிருந்து கார் ஓட்டி வருபவர் வாசலைத் தாண்டுவதற்குள் இரண்டு ரைடு முடித்துவிடலாம்.

டிக்கெட் விலை இறங்கவே இறங்காது என்றும் இல்லை. பாரிஸ் டிஸ்னி 1992-ல் ஐரோப்பிய மந்தத்துக்கு நடுவில் திறந்தது. ஹோட்டல் அறைகள் தேவைக்கு மேல் கட்டப்பட்டிருந்தன, முதல் குளிர்காலத்திலேயே நியூபோர்ட் பே கிளப் என்ற ஹோட்டலை மூட வேண்டியதாயிற்று. கடன் கழுத்தை நெரித்த பிறகு, 1995-ல் நுழைவுக் கட்டணத்தை ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு இறக்கினார்கள். அந்த ஆண்டுதான் முதல் லாபம் வந்தது, ஸ்பேஸ் மவுண்டன் என்ற பெரிய ரைடு திறந்ததும் அதே ஆண்டு என்பதால் எது எவ்வளவு உதவியது என்று பிரிப்பது கடினம். ஆனால் அந்த அளவுக்கு முட்டுச்சந்தில் நின்றால்தான் வாசல் விலையில் கை வைப்பார்கள். ஒருமுறை இறக்கிய டிக்கெட்டைத் திரும்ப ஏற்றினால் எல்லோர் கண்ணிலும் படும், அறைத் தள்ளுபடியோ சத்தமில்லாமல் முடிந்துவிடும்.

ஆர்லாண்டோவிலேயே டிஸ்னிக்குப் போட்டியாக இருக்கும் யூனிவர்சல் பார்க்குகள் பக்கம் போகிறவர்களுக்கு என் பேச்சு முழுதாகப் பொருந்தாது. அங்கே நாங்கள் தங்கியதில்லை, பகலில் போய்வந்தது மட்டும்தான். வெளியிலிருந்து பார்த்தவரை, போர்ட்டோஃபினோ பே, ஹார்ட் ராக், ராயல் பசிபிக் ஆகிய மூன்று பெரிய ஹோட்டல்களில் பழைய இரண்டு பார்க்குகளில் வரிசையைத் தாண்டிச் செல்ல உதவும் எக்ஸ்பிரஸ் பாஸ் வாடகையோடு சேர்ந்தே வருகிறது. கூட்ட நாட்களில் அந்தப் பாஸைத் தனியாக வாங்கும் விலையைப் பார்த்தால் அறை ஏறக்குறைய இலவசம் போலத் தோன்றும். 2025-ல் எபிக் யூனிவர்ஸ் என்ற புதிய பார்க் திறந்தபோது கூடவே புதிய ஹோட்டல்களும் வந்திருக்கின்றன, ஆகவே மந்தம் வந்தால் நிரப்ப வேண்டிய அறைகளும் அதிகம். இன்னொரு பாடமும் அங்கே உண்டு. மந்தத்தில் துவண்டிருந்த யூனிவர்சலின் ஐலண்ட்ஸ் ஆஃப் அட்வெஞ்சர் பார்க்கில் 2010 ஜூனில் ஹாரி பாட்டர் பகுதி திறந்ததும் அந்த ஆண்டின் கூட்டம் ஏறத்தாழ 30 சதவீதம் எகிறியது. புதிதாக ஏதாவது திறக்கிற ஆண்டில் அந்த நிறுவனத்திடம் தள்ளுபடியை எதிர்பார்த்துக் காத்திருப்பது வீண்.

ஆர்லாண்டோவே வேண்டாம், காரில் போகும் தூரத்தில் இருக்கும் சிக்ஸ் ஃபிளாக்ஸ் மாதிரிப் பார்க்கின் சீசன் பாஸ் போதும் என்பவர்களும் உண்டு. விமானமும் ஹோட்டலும் இல்லாததால் செலவில் அதை மிஞ்ச முடியாது. மாதத் தவணையில் வாங்கும்போது மட்டும் ஒப்பந்தத்தைப் படியுங்கள், இடையில் நிறுத்த முடியாமல் காலம் முடியும்வரை கார்டில் பிடித்துக்கொண்டே இருக்கும் பாஸ்கள் இருக்கின்றன. பார்க்கை நடத்தும் நிறுவனத்தின் நிலையையும் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளலாம். சிக்ஸ் ஃபிளாக்ஸ் 2009 ஜூனில் திவால் பாதுகாப்புக்கு மனு போட்டபோதும் பார்க்குகள் தொடர்ந்து ஓடின, பாஸ்களும் செல்லுபடியாயின. தென் கரோலினாவின் ஹார்ட் ராக் பார்க்குக்கு அந்தக் கொடுப்பினை இல்லை, 2008-ல் திறந்த அதே ஆண்டில் மூடியது.