ஆறுதல் சொல்லாத படங்கள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் பேசப்போவது பேய்ப் படங்களைப் பற்றி இல்லை. கதவு திடீரென்று அடித்துச் சாத்திக்கொண்டு, இசை அலறி, உட்கார்ந்த இடத்தில் நம்மைத் தூக்கிப்போட வைக்கும் படங்களின் வேலை விளக்கு போட்டதும் முடிந்துவிடுகிறது. பார்க்கும்போது பெரிதாக ஒன்றும் செய்யாமல், மூன்று நாள் கழித்துப் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும் நேரத்தில் மெல்ல மேலேறி வருகிற படங்கள் சில இருக்கின்றன. எனக்குப் பிடித்தவை அவைதான்.

யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது 1988இல் வந்த 'ஸ்பூர்லூஸ்'. டச்சு மொழியில் 'சுவடே இல்லாமல்' என்று அர்த்தம், 'தி வானிஷிங்' என்ற பெயரில் பலருக்குத் தெரிந்திருக்கும். இயக்கியவர் ஜார்ஜ் ஸ்லூய்சர். ரெக்ஸ், சாஸ்கியா என்று ஒரு ஜோடி விடுமுறைக்காக பிரான்சில் கார் ஓட்டிக்கொண்டு போகிறார்கள், நெடுஞ்சாலை ஓரத்துப் பெட்ரோல் பங்கில் வண்டியை நிறுத்துகிறார்கள், குடிக்க ஏதாவது வாங்கி வருகிறேன் என்று அவள் உள்ளே போகிறாள். திரும்பி வரவில்லை. பட்டப்பகல், சுற்றிலும் ஆட்கள், குழந்தைகள். மூன்று வருடம் ஓடிய பிறகும் ரெக்ஸ் தேடிக்கொண்டே இருக்கிறான்.

செய்தது யார் என்பதைப் படம் ஒளித்துவைக்கவே இல்லை. சீக்கிரமே ஆளைக் கொண்டுவந்து முன்னால் நிறுத்திவிடுகிறது. ரேமோன் ஒரு வேதியியல் ஆசிரியர், மனைவி, இரண்டு மகள்கள், சொந்தமாக ஒரு கிராமத்து வீடு. மயக்க மருந்தைத் தானே முகர்ந்து பார்த்து, எவ்வளவு நேரம் நினைவில்லாமல் கிடந்தோம் என்று கடிகாரத்தைப் பார்த்துக் கணக்கெடுக்கிறார். ஆளில்லாத பக்கத்து இருக்கையைப் பார்த்துச் சிரித்துப் பேசி, கையை நீட்டிக் கதவைப் பூட்டி, கைக்குட்டையை எடுத்து ஒத்திகை பார்க்கிறார். அப்புறம் தன் நாடியைப் பிடித்துத் துடிப்பை எண்ணுகிறார். வகுப்புக்கு முன்னால் ஆய்வகத்தில் செய்முறைக்குத் தயார் செய்கிற வாத்தியார் எப்படி இருப்பாரோ அப்படியே இருக்கிறார். ஒரு சொட்டு ரத்தம் இல்லை, மிரட்டும் முகம் இல்லை, அந்த நிதானத்தைப் பார்க்கப் பார்க்கத்தான் எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

முடிவைச் சொல்லமாட்டேன். ஸ்லூய்சரே 1993இல் இதை ஹாலிவுட்டில் மறுபடியும் எடுத்தார், முடிவை மாற்றி, பார்ப்பவர்கள் நிம்மதியாக எழுந்து போகும்படி செய்துவிட்டார். அதே கதை, அதே இயக்குநர், அப்படியிருந்தும் படத்தில் உயிரே இல்லை. இவ்வளவு தூரம் என்னை நம்பிக் கூட்டிவந்துவிட்டுக் கடைசியில் கண்ணைப் பொத்தினால் எனக்குக் கோபம்தான் வருகிறது. தயவுசெய்து 1988 படத்தைப் பாருங்கள்.

இந்தப் படங்கள் எனக்கு ஏன் வேண்டியிருக்கின்றன என்று நிறைய யோசித்திருக்கிறேன். எனக்கு மிக நெருங்கிய ஒருவர் திடீரென்று போய்ச் சேர்ந்த சமயம், வந்தவர்கள் எல்லோரும் 'எல்லாம் சரியாகிவிடும்', 'காலம் ஆற்றிவிடும்' என்றுதான் சொன்னார்கள். அன்பாகத்தான் சொன்னார்கள், ஆனால் ஒவ்வொரு தடவையும் நான் கூடுதலாகத் தனியாகிப் போனேன். தூக்கம் வராத ஒரு இரவில்தான் இந்தப் படத்தை முதன்முதலில் பார்த்தேன். என்ன நடந்தது என்று தெரியாமல் வாழ்வதைவிட எதையும் தெரிந்துகொண்டுவிடலாம் என்று ரெக்ஸ் தவிக்கிற தவிப்பில் யாரும் ஆறுதல் சொல்லவில்லை. எனக்கு அது துணையாக இருந்தது. வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

அடுத்தது மிகப் பழையது. ஃப்ரிட்ஸ் லாங் 1931இல் எடுத்த 'எம்', அவருடைய முதல் பேசும் படம். பெர்லினில் குழந்தைகளைக் கொல்லும் ஒருவனைப் பற்றிய கதை. ஒரு கொலையைக்கூடக் கண்ணில் காட்டுவதில்லை. எல்ஸி பள்ளிவிட்டு வரும் நேரம் தாண்டிவிட்டது, அம்மா மாடிப்படியை எட்டிப் பார்த்துப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள். ஆளில்லாத படிக்கட்டு. துணி காயப்போட்ட மாடி அறை. சாப்பிட ஆளில்லாமல் மேசையில் வைத்த தட்டு. புதருக்குள்ளிருந்து பந்து மட்டும் உருண்டு வந்து நிற்கிறது, எல்ஸிக்கு வாங்கிக் கொடுத்த பலூன் கம்பிகளில் சிக்கிப் படபடத்துவிட்டுப் பறந்துபோகிறது. அவ்வளவுதான். கிட்டத்தட்ட நூறு வருடம் ஆகப்போகிறது, இதற்குமேல் எதையும் காட்டத் தேவையில்லை என்பதைப் பலர் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை.

கொலைகாரனாக நடித்த பீட்டர் லோர் படம் முழுக்க ஒரே மெட்டை விசில் அடித்துக்கொண்டு வருவார். உண்மையில் அவருக்கு விசிலடிக்கத் தெரியாது, பின்னாலிருந்து அடித்தவர் லாங். கடைசியில் அவன் மாட்டிக்கொண்டு, கண்கள் பிதுங்க, என்னால் அடக்க முடியவில்லை என்று கதறும் இடத்தில் அவன்மேல் எனக்குப் பரிதாபம் வந்தது. அந்தப் பரிதாபம் வந்ததே என்னை உலுக்கிவிட்டது.

கியோஷி குரோசாவாவின் 'க்யூர்' (1997) வேறு ஒரு ரகம். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத ஆட்கள் ஒரே மாதிரி கொலை செய்கிறார்கள், ஏன் செய்தோம் என்று அவர்களுக்கே தெரியவில்லை. பகல் வெளிச்சத்தில், தள்ளி வைத்த கேமரா முன்னால் ஒரு போலீஸ்காரர் குப்பையை எடுத்துப்போடுவது மாதிரி சாதாரணமாகக் கூட வேலை செய்பவரைச் சுட்டுவிடுவார். ஆனால் எனக்கு மறக்காமல் நிற்பது துப்பறிபவர் வீட்டில், துணி எதுவும் இல்லாமல் வெறுமனே சுற்றிக்கொண்டிருக்கும் துணி உலர்த்தும் இயந்திரத்தின் உறுமல். ஹெட்ஃபோன் போட்டுப் பாருங்கள், இந்தப் படத்தில் பாதி காதில்தான் இருக்கிறது.

போங் ஜூன்-ஹோவின் 'மெமரிஸ் ஆஃப் மர்டர்' (2003) பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள், நான் கடைசிக் காட்சியை மட்டும் சொல்கிறேன். தென்கொரியாவில் நிஜமாக நடந்த தொடர் கொலைகளை வைத்து எடுத்த படம் இது. படம் வந்தபோது உண்மையான கொலைகாரன் யாரென்று தெரியாது, துப்பறிபவராக நடித்த சோங் காங்-ஹோ நேராகக் கேமராவைப் பார்ப்பார், எங்கேயாவது உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாயே என்று தேடுகிற பார்வை. 2019இல் மரபணுச் சோதனையில் ஆள் தெரியவந்தது, வேறொரு கொலைக்காக ஏற்கெனவே சிறையில் இருந்தவன். அது தெரிந்த பிறகு மறுபடி பார்த்தேன். அந்தப் பார்வை கொஞ்சம்கூடத் தணியவில்லை.

பிடிக்காத ஒன்றையும் சொல்லிவிடுவது நியாயம். ஹனேகேயின் 'ஃபன்னி கேம்ஸ்' (1997), இரண்டு இளைஞர்கள் ஒரு குடும்பத்தை அவர்கள் வீட்டிலேயே சித்திரவதை செய்யும் கதை. திறமையான படம், ரிமோட்டை எடுத்து நடந்ததையே பின்னோக்கி ஓட்டும் இடம் அசாத்தியம், ஆனால் இதையெல்லாம் பார்க்க வந்தாயே என்று அது என்னைத் திட்டிக்கொண்டே இருக்கிறது. நான் வேடிக்கை பார்க்க வரவில்லை. என்னோடு இருட்டில் உட்காரும் படம் வேண்டும், மேடையில் ஏறி நின்று விரல் நீட்டும் படம் வேண்டாம்.

புதிதாக ஆரம்பிப்பவர்கள் ஒரே நாளில் இரண்டு பார்க்காதீர்கள், மனசு கனத்துக் கிடக்கும் வாரத்தில் 'க்யூர்' வேண்டாம். 'ஸ்பூர்லூஸ்' பார்க்கும்போது, சாஸ்கியா காணாமல் போவதற்குச் சற்று முன்னால் இருவரும் ஒரு மரத்தடியில் இரண்டு காசுகளைப் புதைப்பார்கள். விளையாட்டு மாதிரி கடந்துபோய்விடும். மரம் எங்கே இருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.