சேலத்திலிருந்து லண்டன்: பெங்களூர் வழியா, சென்னை வழியா?

லண்டனில் இருக்கும் அக்கா வீட்டுக்கு அம்மா கிளம்பும்போதெல்லாம் எங்கள் வீட்டில் இந்தப் பேச்சு வந்துவிடும். இரண்டு ஊரிலிருந்தும் லண்டனின் ஹீத்ரோ விமான நிலையத்துக்கு நேர் விமானம் உண்டு.

வானத்துக் கணக்கில் பெங்களூருக்குத்தான் வெற்றி. அங்கிருந்து ஹீத்ரோ சுமார் 8,050 கி.மீ.; சென்னையிலிருந்து சுமார் 8,230. ஆனால் அந்த வித்தியாசம், பறக்கிற வேகத்தில் கால் மணி நேரம்கூட இல்லை. எந்த ஊரில் ஏறினாலும் பத்தரை, பதினோரு மணி நேரம் உட்கார வேண்டியதுதான். டிக்கெட்டில் காலை 7 மணிக்குக் கிளம்பி பகல் 1 மணிக்கு இறங்குவதாகப் போட்டிருந்தால் ஆறே மணி நேரம் என்று நினைத்துவிட வேண்டாம். கோடையில் லண்டன் நம்மைவிட நாலரை மணி நேரம் பின்னால் இருக்கிறது, குளிர்காலத்தில் ஐந்தரை. திரும்பி வரும்போது மேலைக்காற்று பின்னாலிருந்து தள்ளுவதால் ஒரு மணி நேரம்வரை குறையும்.

துபாயில் மாறிப் போனாலும் தூரம் பெரிதாகக் கூடிவிடாது. சென்னையிலிருந்து 200 கி.மீ.தான் அதிகம். நேரத்தைத் தின்பது அங்கே காத்திருப்பதுதான். முழங்கால் வலியோடு தனியாகப் போகிற அம்மாவுக்கு அது வேண்டாம்.

அப்புறம் தரை. பெங்களூர் 200 கி.மீ.தான் என்பார்கள். ஆனால் விமான நிலையம் தேவனஹள்ளியில், ஊருக்கு வடக்கே இருக்கிறது. நாம் நுழைவதோ ஓசூர் பக்கம், தெற்கே. ஒரு முறை பெங்களூர் சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் வண்டி நின்றபோது, மடியில் வடகப் பொட்டலத்தைப் பிடித்தபடி அம்மா நிமிடத்துக்கு ஒரு முறை மணி கேட்டுக்கொண்டே இருந்தார். திரும்பும் வழியில் தொப்பூர் கணவாய் வேறு. தூக்கம் கெட்ட கண்ணோடு, லாரிகளுக்கு நடுவே இரவில் அந்த இறக்கத்தில் வண்டி ஓட்ட எனக்குப் பயம்தான்.

சென்னைக்கு ஆத்தூர், உளுந்தூர்பேட்டை வழியாக 330 கி.மீ. போல வரும், ஆறு மணி நேரம். ஆனால் மீனம்பாக்கம் விமான நிலையம், சென்னை நகருக்குள் நுழையும் முன்பே, நாம் வரும் ஜி.எஸ்.டி. நெடுஞ்சாலையிலேயே வந்துவிடுகிறது. விமானம் பகலில் என்றால் காரே வேண்டாம். எழும்பூர் போகும் இரவு ரயிலில் படுத்துத் தூங்கி, விடிகாலை தாம்பரத்தில் இறங்கி, மின்சார ரயிலில் திரிசூலம் போனால் எதிரிலேயே விமான நிலையம்.

காமலாபுரத்தில் இருக்கும் சேலம் விமான நிலையத்துக்கு 2023 அக்டோபரில் விமானம் திரும்ப வந்தது நமக்கெல்லாம் சந்தோஷம்தான். ஆனால் தனி டிக்கெட் எடுத்து அதை லண்டன் பயணத்தோடு இணைக்க மாட்டேன். சின்ன விமானம் தாமதமானால் பெரிய விமானம் காத்திருக்காது.

ஒரு பையோடு நான் மட்டும் போவதென்றால் பெங்களூர். ஓசூர் தாண்டி ஹொஸ்கோட்டை பக்கம் சுற்றிப் போய்விடுவேன். அம்மாவுக்குச் சென்னைதான். ஏற்காடு காப்பித்தூளும் வடகமும் சேர்த்துப் பெட்டி 23 கிலோவைத் தொட்டுவிட்டது. ரயிலில் கீழ்ப் படுக்கையும் கிடைத்துவிட்டது.