பஞ்சை உறிஞ்சிக் காட்டினார்கள், முடியைக் காட்டவில்லை

வீட்டில் நாய் பூனை வளர்த்துக்கொண்டு, தானே ஓடித் தரையைப் பெருக்கும் ரோபோ வேக்குவம் ஒன்று வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் பினாங்குக் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். இங்குள்ள ஒரு பேரங்காடியின் நடுக்கூடத்தில் நடந்த வார இறுதிச் சலுகை விற்பனையில், 2,399 ரிங்கிட் கொடுத்து அப்படி ஒரு கருவியை வாங்கினேன். ஐந்தாவது மாதத்தில் அது நின்றுவிட்டது. இரண்டாண்டு உத்தரவாதம் என்று சொல்லி அவர்கள் கொடுத்த அட்டையை இந்த நாட்டில் எவருமே ஏற்றுக்கொள்ள மாட்டார்கள் என்பது அதன் பிறகுதான் தெரிந்தது. விற்றவரின் பெயரையோ கருவியின் பெயரையோ இங்கே எழுதப் போவதில்லை. இவர்களின் பதாகை ஆறு மாதத்துக்கு ஒரு முறை மாறிவிடுகிறது, பேச்சு மட்டும் மாறுவதில்லை. ஆகவே அந்தப் பேச்சைத்தான் விரிவாக எழுதுகிறேன்.

எங்களுடையது குளுகோரில் ஒரு வரிசை வீடு. தரை முழுவதும் ஓடு, கூடத்தில் மட்டும் ஒரு கம்பளம். செம்பன் என்ற நாயும் இரண்டு பூனைகளும் இருக்கின்றன. பூனைகளில் ஒன்று பாரசீகக் கலப்பு. குளிர் நாடுகளில் பகல் நேரம் நீண்டு குறுகுவதற்கு ஏற்ப, ஆண்டுக்கு இரு பருவங்களில் விலங்குகள் கொத்துக் கொத்தாக முடி உதிர்க்கும். பினாங்கு நிலநடுக்கோட்டுக்கு ஐந்து பாகைதான் வடக்கே இருப்பதால் இங்கே பகலின் நீளம் பெரிதாக மாறுவதில்லை, எனவே வீட்டுக்குள் வளரும் பிராணிகள் பன்னிரண்டு மாதமும் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்த்துக்கொண்டே இருக்கின்றன. என் அம்மாவுக்கு ஆஸ்துமா. காலையில் பெருக்கிய கூடத்தில் மாலைக்குள் நாற்காலிக் கால்களைச் சுற்றி முடி உருண்டு கிடக்கும். முழங்கால் வலியோடு நாளுக்கு இரண்டு முறை குனிந்து பெருக்க முடியவில்லை என்பதால்தான் அந்தக் கூடாரத்தின் முன்னால் நின்றேன்.

விற்பனைக்கு நின்றவர் நம் தமிழ்ப் பையன், இருபத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். நீல நிறக் கம்பளத்தின் மேல் ஒரு கண்ணாடிப் புட்டியிலிருந்து பஞ்சையும், இன்னொன்றிலிருந்து ஓட்ஸையும் கொட்டினார். கருவி போன வழியெல்லாம் கம்பளம் சுத்தமாயிற்று. "ஆன்டி, இது பன்னிரண்டாயிரம் பாஸ்கல். புலி முடியா இருந்தாலும் இழுத்துடும்" என்றார். நாய் அசுத்தம் செய்து வைத்திருந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். "லேசர் கண்ணு இருக்கு ஆன்டி, பார்த்துட்டு சுத்திப் போயிடும்" என்று பதில் வந்தது. விலை 4,999 என்று அச்சிட்டு, அதைச் சிவப்புக் கோட்டால் அடித்து, கீழே 2,399 என்று எழுதியிருந்தார்கள். அன்று இரவு பத்து மணியோடு சலுகை முடிகிறது என்றார்கள். தமிழில் பேசினார், அம்மாவைப் பற்றி விசாரித்தார், பெட்டியைக் கார் வரைக்கும் தூக்கிக்கொண்டு வந்தார். முப்பது ஆண்டுகள் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் சாக்குப்போக்குகளைக் கேட்டுத் தேர்ந்த எனக்கு, அந்த மாலையில் சந்தேகம் என்பதே எழவில்லை.

ஒன்று மட்டும் பழக்கதோஷத்தில் செய்தேன். வாயால் சொன்னதை எழுதி வாங்கும் பழக்கம் எனக்கு உண்டு. ரசீதின் கீழ்ப்பகுதியில் "பிராணி முடிக்கு ஏற்றது, இரண்டாண்டு உள்நாட்டு உத்தரவாதம்" என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னேன். பையன் சிரித்துக்கொண்டே மலாயில் எழுதிக் கொடுத்தார். பின்னால் என்னைக் காப்பாற்றியது அந்த ஒரு வரிதான்.

வீட்டில் பெட்டியைத் திறந்தபோதே சில அடையாளங்கள் இருந்தன, நான்தான் அவற்றைப் படிக்கவில்லை. மின்செருகி நம்முடைய மூன்று சதுர முனைச் செருகி அல்ல. தட்டையான முனைகள் கொண்ட அதற்கு ஒரு மலிவான மாற்றுச் செருகியைச் சேர்த்து வைத்திருந்தார்கள். கருவி மாண்டரினில் பேசியது. கைத்தொலைபேசிச் செயலியில் நாடு என்ற இடத்தில் மலேசியாவைத் தேர்ந்தெடுத்தால் இணைப்புக் கிடைக்கவில்லை, சீனாவைத் தேர்ந்தெடுத்தால் உடனே கிடைத்தது. இதை நான் விற்றவரிடம் புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) கேட்டபோது, "எல்லாருக்கும் அப்படித்தான் ஆன்டி, ஓடுதா இல்லையா?" என்று பதில் அனுப்பினார்கள். ஓடியது. மலேசியாவில் விற்கப்படும் வேக்குவம் சாதனங்களுக்கு எரிசக்தி ஆணையத்தின் ஒப்புதலும், சிரிம் என்ற தர நிறுவனத்தின் ஒட்டுமுத்திரையும் வேண்டும் என்பதும், அந்தப் பெட்டியில் எந்த மூலையிலும் அந்த முத்திரை இல்லை என்பதும் எனக்கு உறைக்க ஐந்து மாதம் பிடித்தது.

இப்போது முடி விஷயத்துக்கு வருகிறேன். பன்னிரண்டாயிரம் பாஸ்கல் என்ற எண்ணைக் கேட்டு வியந்தவள் நான். பாஸ்கல் என்பது அழுத்தத்தின் அளவு. மோட்டார் எவ்வளவு அழுத்த வேறுபாட்டை உண்டாக்க முடியும் என்பதை மட்டுமே அது சொல்கிறது. தரையிலிருக்கும் முடி எவ்வளவு காற்றோட்டத்தில் உள்ளே போகிறது, போன முடி எங்கே சிக்குகிறது என்பதை அந்த எண் சொல்வதே இல்லை. பஞ்சும் ஓட்ஸும் குட்டையானவை, எதிலும் சுற்றிக்கொள்ளாதவை. பாரசீகப் பூனையின் முடி விரல் நீளம் இருக்கும். அது உருளைத் தூரிகையைத் தொட்டவுடன் உறிஞ்சப்படுவதற்கு முன்பே சுற்றிக்கொள்கிறது.

இரண்டாவது வாரத்தில் கருவியைக் கவிழ்த்துப் பார்த்தேன். நீள நார்கள் கொண்ட உருளை, தயிர் கடையும் மத்தில் நூல் சுற்றியதுபோல முழுக்க முடியால் மூடப்பட்டிருந்தது. கத்தரிக்கோலை உள்ளே விட்டு நீளவாட்டில் வெட்டி எடுக்கக் கால் மணி நேரம் ஆயிற்று. வெட்டும்போது நார்களும் சேர்ந்தே வெட்டுப்பட்டன. உருளையின் இரு முனைகளிலும் இருந்த மூடிகளைக் கழற்றியபோது, அங்கே முடி இறுகி, கம்பளித் துணியால் செய்த மோதிரம்போல் உட்கார்ந்திருந்தது. முன்பக்கச் சிறுசக்கரத்தைப் பிடுங்கிப் பார்த்தால் அதன் அச்சிலும் அதே கதை. சக்கரம் சுழலாமல் இழுபட்டு வந்ததால்தான் கூடத்து ஓடுகளில் மெல்லிய கோடுகள் விழுந்திருக்கின்றன என்பது அப்போது புரிந்தது. நான் துடைப்பத்தோடு குனிவதைத் தவிர்க்க வாங்கிய கருவிக்காக, கத்தரிக்கோலோடு தரையில் உட்கார வேண்டியதாயிற்று.

குப்பையைத் தானே காலி செய்யும் நிலையத்துக்காகவே எண்ணூறு ரிங்கிட் அதிகம் கொடுத்திருந்தேன். கருவிக்குள் இருந்த குப்பைப் பெட்டி அரை லிட்டர்கூட இல்லை, கூடத்தில் பாதியைச் சுற்றுவதற்குள் நிரம்பிவிடும். நிலையத்துக்குத் திரும்பியதும் அது பெரும் இரைச்சலோடு உறிஞ்சும், செம்பன் கட்டிலுக்கடியில் ஓடி ஒளிவான். ஆனால் கருவியிலிருந்து நிலையத்துக்குப் போகும் வாய் இரண்டு விரல் அகலம்தான். முடி அதற்குள் பந்தாக உருண்டு அடைத்துக்கொள்ளும், செயலியோ பை காலியாக இருப்பதாகக் காட்டும். பூனைகளின் கழிவு மணலால் இன்னொரு தொல்லை. கட்டியாகும் மணல் பெரும்பாலும் பெண்டோனைட் களிமண். ஈரம் பட்டவுடன் பசையாகும் என்பதற்காகவே அதைப் பயன்படுத்துகிறார்கள். துடைக்கும் துணியோடு அந்தக் கருவி மணல் பெட்டிக்கு அருகே போன நாளில், குயவர் வீட்டு முற்றம்போல் ஆனது என் சமையலறை ஓரம்.

செம்பனுக்கு வயிற்றுப்போக்கு வந்த இரவைப் பற்றி அதிகம் எழுத விரும்பவில்லை. விடியற்காலை ஐந்து மணிக்கு ஓடுமாறு கருவிக்கு நேரம் குறித்திருந்தேன். மேலே சுழலும் லேசர் அறையின் சுவரையும் மேசைக் காலையும் அளந்து வரைபடம் போடுவதற்கானது; அதன் ஒளி கருவியின் உச்சி உயரத்தில் போவதால், தரையோடு தரையாகக் கிடப்பது அதன் பார்வையில் படாது. அதைக் கண்டுகொள்ள முன்பக்கத்தில் கேமராவும், படத்தைப் பார்த்து இன்னது என்று அறியும் மென்பொருளும் வேண்டும். உண்மையில் அப்படிப்பட்ட கருவிகள் இருக்கின்றன: ஐரோபோட் நிறுவனம் 2021ஆம் ஆண்டில் ரூம்பா ஜே7 வரிசையைக் கொண்டுவந்தபோது, பிராணியின் மலத்தைத் தவிர்க்காவிட்டால் கருவியையே மாற்றித் தருவோம் என்று எழுத்தில் வாக்களித்தது. எனக்கு விற்கப்பட்டதில் கேமராவே இல்லை. அம்மா எழுந்து பூசை அறைக்குப் போகும் வழி, கூடம், தாழ்வாரம், கம்பளம் என்று எதையும் அது விட்டுவைக்கவில்லை. கம்பளத்தைத் தூக்கிப் போட்டோம்.

ஐந்தாவது மாதத்தில் உருளை நின்றது. முடி உள்ளே புகுந்து, உருளையைத் தாங்கும் பிளாஸ்டிக் குழி உராய்வின் சூட்டில் இளகிவிட்டிருந்தது. விற்றவரைப் புலனத்தில் அழைத்தேன். முதலில் படம் அனுப்பச் சொன்னார்கள், பிறகு காணொளி, பிறகு பெட்டியின் படம், பிறகு இரண்டு வாரம் மௌனம். கடைசியில் வந்த பதில்: உருளை தேயும் பொருள், உத்தரவாதத்தில் வராது, முடி உள்ளே போனது பயனீட்டாளரின் கவனக்குறைவு, மோட்டாரோடு மாற்ற 380 ரிங்கிட் ஆகும். பிராணி முடிக்கு என்று விற்ற கருவிக்குள் முடி போனது என் கவனக்குறைவாம். அந்த வரியை நான் மூன்று முறை படித்தேன்.

அதன் பிறகு அந்தக் கருவியைத் தயாரிக்கும் நிறுவனத்தின் உள்நாட்டு முகவரைத் தேடிப் பிடித்து வரிசை எண்ணைக் கொடுத்தேன். அங்கிருந்த பெண் மரியாதையாகவே பேசினார். அந்த எண் மலேசியச் சந்தைக்கு அனுப்பப்பட்டதல்ல, சீன உள்நாட்டு விற்பனைக்கானது, ஆகவே அவர்கள் பழுதுபார்க்க முடியாது, உதிரிப்பாகமும் பொருந்தாது என்றார். மலேசியாவுக்கான அதே வகையில் நார் உருளைக்குப் பதில் ரப்பர் உருளை இருக்கிறது என்பதையும் அவர்தான் சொன்னார்.

நான் பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போனேன். இதற்கு வழக்கறிஞர் தேவையில்லை, பொதுவாக அனுமதிப்பதும் இல்லை. கட்டணம் ஐந்து ரிங்கிட். முதல் படிவத்தை இணையத்திலேயே நிரப்பலாம். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை, சிக்கல் எழுந்த மூன்றாண்டுக்குள் அங்கே கொண்டு போகலாம். ரசீதில் "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று முத்திரை இருந்ததால் என் கணவர் இது வீண் வேலை என்றார். ஆனால் 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், இன்ன உபயோகத்துக்கு என்று வாங்குபவர் சொல்லி வாங்கிய பொருள் அந்த உபயோகத்துக்குப் பொருந்த வேண்டும் என்கிறது. ஒரு முத்திரையைக் குத்தி அந்த உரிமையை நீக்கிவிடவும் அது இடம் கொடுப்பதில்லை. என்னிடம் இருந்தவை கையால் எழுதப்பட்ட அந்த ஒரு வரி, புலன உரையாடலின் அச்சுப் பிரதி, இளகிய குழியின் படம், பேத்தி அன்று ஐஸ்கிரீமோடு நின்று எடுத்துக்கொண்ட ஒரு படம். அவளுக்குப் பின்னால் பதாகையில் "முடி சிக்காது" என்ற வாசகம் தெளிவாகத் தெரிந்தது.

விசாரணை நாளன்று உள்ளே அழைப்பதற்கு முன்பே, தாழ்வாரத்தில் விற்றவரின் ஆள் என்னிடம் வந்து 1,200 தருவதாகச் சொன்னார். ரசீதைக் காட்டியதும் 1,900 ஆயிற்று. முழுத் தொகைக்காக இன்னொரு நாள் வந்து நிற்க எனக்குத் தெம்பில்லை, ஒப்புக்கொண்டேன். அதை வாய்ப்பேச்சாக விடாமல், நடுவர் முன்னிலையில் இணக்கத் தீர்ப்பாகப் பதிவு செய்யச் சொன்னேன். பத்தாவது நாளில் பணம் வந்தது. பிடிவாதமாக இருந்திருக்கலாமோ என்று இப்போதும் சில சமயம் தோன்றுகிறது.

வாங்கத்தான் வேண்டும் என்றிருப்பவர்கள், பாஸ்கல் எண்ணைக் கேட்பதற்கு முன் கருவியைக் கவிழ்த்துக் காட்டச் சொல்லுங்கள். உருளை ரப்பரா நாரா, அதன் முனைமூடிகள் கையால் கழல்கின்றனவா, முன்சக்கரத்தைத் திருப்புளி ஏதும் இல்லாமல் பிடுங்க முடிகிறதா என்று பாருங்கள். உருளை, வடிகட்டி, குப்பைப் பை ஆகியவை உள்ளூரில் என்ன விலை என்று அங்கேயே கேளுங்கள். சிரிம் முத்திரையையும் மூன்று முனைச் செருகியையும் பெட்டியிலிருந்து எடுத்துக் காட்டாதவரை பணப்பையைத் திறக்காதீர்கள். வரிசை எண்ணை உள்நாட்டு முகவரிடம் தொலைபேசியில் சரிபார்க்க ஐந்து நிமிடம்தான் ஆகும். அதற்குள் முடிந்துபோகிற சலுகை எதுவும் கிடையாது.

போன மாதம் மருந்து வாங்க அதே பேரங்காடிக்குப் போயிருந்தேன். பதாகையின் நிறமும் பெயரும் வேறு, நீலக் கம்பளமும் பஞ்சுப் புட்டியும் அப்படியே இருந்தன, பையன் புதியவர். செம்பனைச் சீவி எடுத்த முடியை ஒரு சிறிய பையில் போட்டுக் கைப்பைக்குள் வைத்திருந்தேன். மருத்துவரிடம் காட்ட எடுத்து வைத்தது. அதைக் கம்பளத்தின் மேல் போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டேன். பையன் பையைப் பார்த்தார், கருவியைப் பார்த்தார். "டெமோ மெஷின் ஆன்டி, அழுக்காயிடும்" என்றார்.