டர்போ சி++: இருபது வருஷத்துக்கு மேலான பழக்கம்

2001-ல் கல்லூரி முதலாண்டு. லேப் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, ஒரு கணினிக்கு இரண்டு பேராக உட்கார்ந்தோம். நீலத் திரை, மஞ்சள் எழுத்து, சி++ மொழியில் புரோகிராம் எழுதி ஓட்டும் டர்போ சி++ 3.0 மென்பொருள். அப்போதே அது பழைய சரக்கு என்பது எங்களுக்குத் தெரியாது. இன்றைய 64 பிட் விண்டோஸில் அது நேரடியாக ஓடாது என்பதால், என் மடிக்கணினியில், பழைய டாஸ் காலத்து மென்பொருள்களை ஓட்டும் டாஸ்பாக்ஸுக்குள் குடிவைத்திருக்கிறேன்.

கண்ட்ரோல் எஃப்9 தட்டினால் புரோகிராம் ஓடும். விடை கண்ணில் படுவதற்குள் நீலத் திரை திரும்பிவிடும். ஆல்ட் எஃப்5 தட்டினால் பார்க்கலாம் என்று சீனியர் ஒருவர் சொல்லித்தரும்வரை, ‘ரன்னே ஆகல’ என்று புலம்பிக்கொண்டிருந்தேன். கடைசி வரியில், ஒரு விசையைத் தட்டும்வரை காத்திருக்கும் கெட்ச் போடும் வழக்கம் அப்படி வந்ததுதான்.

என்னை உண்மையிலேயே பிடித்துப்போட்டது ஃபேக்டோரியல் கணக்கு, அதாவது 1-லிருந்து கொடுத்த எண்வரை எல்லாவற்றையும் பெருக்குவது. 7-க்கு 5040, சரி. 8-க்கு 40320 வர வேண்டும், வந்ததோ -25216. பெருக்கிக்கொண்டே போனால் மைனஸ் எங்கிருந்து வரும்? இரண்டு நாள் மண்டை காய்ந்தது. டர்போ சி++-இல் முழு எண்ணை வைக்கும் இன்ட் என்றால் 16 பிட், 32767-தான் உச்சம். அதைத் தாண்டினால் மறுகோடியான -32768-க்குப் போய் அங்கிருந்து எண்ணும். 40320-லிருந்து 65536-ஐக் கழித்துப் பார்த்தேன், அதே -25216! லேப் என்பதையும் மறந்து கத்திவிட்டேன். புரோகிராமைக் கணினி மொழிக்கு மாற்றும் இன்றைய கம்பைலர்களில் இன்ட் பொதுவாக 32 பிட். 12 வரை தாங்கும். 13-க்குப் பெரும்பாலும் 1932053504 என்று, பார்க்க லட்சணமான தப்பு விடை வரும். மைனஸ் போட்டு மாட்டிக்கொண்ட பழையதே தேவலை என்று தோன்றும்.

கணினியைச் சத்தம் போடவைக்க சவுண்ட் என்று ஒரு ஃபங்ஷன் உண்டு, நிறுத்த நோசவுண்ட். 440 ஹெர்ட்ஸ் கொடுத்து ஓடவிட்டேன், நோசவுண்ட் எழுத மறந்துவிட்டேன். புரோகிராம் முடிந்த பிறகும் பெட்டி ‘ஙீ’ என்று கத்திக்கொண்டே இருந்தது. லேப் உதவியாளர் ஓடிவந்து சுவிட்சையே அணைத்துவிட்டார். பக்கத்தில் இருந்தவன் அதே கணினியில் அடித்துவைத்திருந்த ரெக்கார்டு புரோகிராமைச் சேமித்திருக்கவில்லை. ஒரு வாரம் பேசவில்லை.

குறை இல்லாமல் இல்லை. வாய்ட் மெயின், திரையைத் துடைக்கும் கிளியர்ஸ்க்ரீன் என்று டர்போ பாணியில் ஊறிய கை, வேலைக்குப் போய் லினக்ஸில் ஜிசிசி கம்பைலர் முன் உட்கார்ந்ததும் தடுமாறியது. கெட்ச், கிளியர்ஸ்க்ரீன் எல்லாம் இருக்கும் கோனியோ கோப்பே அங்கே கிடையாது. புகுந்த வீட்டில் பிறந்த வீட்டுச் சாமானைத் தேடிய கதை. புதிதாகப் படிப்பவர்களுக்கு இதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். ஆனால் படம் வரையத் திரையைத் தயார் செய்யும் இனிட்கிராஃப் சொல்லி, அடுத்த வரியில் வட்டத்துக்கு மையமும் ஆரமும் கொடுத்தால் திரையில் வட்டம் வந்து நிற்கும் பாருங்கள், அந்தச் சுகத்துக்காகத்தான் இன்னும் திறக்கிறேன்.

போன மாதம் அண்ணன் மகள் பைத்தானில் 100-இன் ஃபேக்டோரியலைப் போட்டுக் காட்டினாள். 158 இலக்கமும் பிசகாமல் வந்தன. நான் டாஸ்பாக்ஸைத் திறந்து 8-க்குப் போட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் திரையையே பார்த்தாள்.

“சித்தப்பா, 9-க்குப் போடுங்க.”

-30336. பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.