கேம்பிரிட்ஜுக்கு 85,000 ரூபாய்

தம்பி ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) எடுத்த வருடம்தான் அப்பாவுக்குப் பாரிசவாதம் வந்தது. ரியூசனைப் பாதியில் விட்டுவிட்டுப் புறக்கோட்டைக் கடையில் போய் இருந்தவன் அவன். பௌதிகவியலுக்கு சி, இணைந்த கணிதத்துக்கும் இரசாயனவியலுக்கும் எஸ். ஆசை மட்டும் குறையவில்லை: வெளிநாட்டில், அதுவும் பெரிய இடத்தில் பொறியியல். சரி, கேட்டுத்தான் பார்ப்போமே என்று பம்பலப்பிட்டியில் காலி வீதியோரம் இருக்கும் ஒரு கல்வி ஆலோசனை நிறுவனத்துக்குக் கூட்டிப்போனேன். பெயர் வேண்டாம்.

ஏசி நல்ல குளிர். சுவர் நிறையக் கொடிகள். “நீங்க ஒன்றுக்கும் யோசிக்காதீங்க அக்கா, கேம்பிரிட்ஜுக்கே போடலாம்” என்றார் ஆலோசகர். பெறுபேற்றுத் தாளை அவர் வடிவாகப் பார்க்கக்கூட இல்லை. கேம்பிரிட்ஜில் பொறியியலுக்கு லண்டன் ஏ.எல்.லில் கேட்பது இரண்டு ஏ ஸ்டாரும் ஒரு ஏயும். எங்கள் எஸ் என்றால் 35க்கும் 54க்கும் இடையில். இதை வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தபோது 85,000 ரூபாய் கட்டி முடிந்திருந்தது. ‘ஐந்து பல்கலைக்கழகப் பொதி’யாம். இங்கிலாந்துக்கு யூகாஸ் என்ற ஒரே விண்ணப்பத்தில் ஐந்து தெரிவுகளையும் போடலாம், கட்டணம் ஏறக்குறைய 30 பவுண்தான் என்பதை யாரும் சொல்லவில்லை.

அதையும் மன்னித்திருப்பேன். அவர்கள் எழுதித் தந்த கட்டுரையைத்தான் மன்னிக்க முடியவில்லை. சிறுவயதில் இரவு வானத்து நட்சத்திரங்களைப் பார்த்து வியந்தானாம் தம்பி. வெள்ளவத்தையில் எங்கள் பல்கனியில் நின்றால் தெரிவது எதிர் பிளாட்டின் சுவர். அவன் வியந்த ஒரே பொருள் எங்கள் மொட்டைமாடித் தண்ணீர்த் தாங்கி. அது நிரம்பி வழியப் போகும்போது அலறுகிற ஒரு சின்னக் கருவியைக் கடையில் கிடந்த பழைய சாமான்களை வைத்துச் செய்து பூட்டினான். வாட்சருக்கு இரவில் ஐந்து மாடி ஏறுகிற வேலை மிச்சம். இதை அந்த ஏசி அறையில் ஒருவரும் கேட்கவில்லை.

அப்புறம் ஒரு தோழி சொல்லி, கொழும்பு 3இல் உள்ள ஃபுல்பிரைட் ஆணைக்குழுவில், அமெரிக்காவில் படிக்க வழிகாட்டும் எடியுகேஷன்யூஎஸ்ஏ ஆலோசனைக்குப் போனோம். முதல் கேள்வியே, “தவணை அறிக்கைகள் எங்கே?” அமெரிக்காவில் கடைசிப் பரீட்சையை மட்டும் பார்ப்பதில்லை, ஒன்பதாம் ஆண்டிலிருந்து வருகிற பாடசாலைப் புள்ளிகளையும் பார்ப்பார்களாம். அம்மாவின் பிஸ்கற் ரின்னுக்குள் எல்லாம் இருந்தன. வரிசையாக மேசையில் அடுக்கினோம். கணிதம் 91, 88, 93. பிறகு ஒரு தவணையில் 47. அப்பா விழுந்த தவணை. ஆலோசகர் அந்தத் தாளின் மேல் விரலை வைத்துக்கொண்டு, “இதை நாலு வரியில் எழுதுங்கோ, அழுது எழுத வேண்டாம். அதிபரின் கடிதத்திலும் இதே விசயம் வரட்டும். விண்ணப்பத்தோடு போகிற 650 சொல் கட்டுரையில் தண்ணீர்த் தாங்கியை எழுதுங்கோ” என்றார்.

இனிப்பாகவும் பேசவில்லை. ஹாவர்ட், எம்.ஐ.ரி. போன்ற இடங்களில் நூறு பேர் கேட்டால் ஐந்து பேருக்குக்கூட இடமில்லை, மூன்று ஏ எடுத்த பிள்ளைகளும் திரும்பி வருகிறார்கள் என்றார். அந்த இரண்டு இடங்களிலும் வெளிநாட்டுப் பிள்ளையின் பணவசதியைப் பார்த்து அனுமதியை முடிவு செய்வதில்லை என்பது எங்களுக்குப் புதிது. எம்.ஐ.ரி.க்கு அமெரிக்க அனுமதிப் பரீட்சையான சற் அல்லது ஏ.சி.ரி. கட்டாயம். ஏ.எல்.லை இன்னொரு தடவை எடுத்து, சற் கணிதத்திலும் நல்ல புள்ளி காட்டினால்தான் அந்த 47 ஒரு விபத்து என்று நம்புவார்கள். பெரிய இடத்துக்குப் போடுங்கோ, அதை மட்டும் நம்பி இருக்காதீங்கோ என்றும் சொன்னார்.

பம்பலப்பிட்டிக்காரரை முழுக்கக் குறை சொல்லவும் மனமில்லை. பிள்ளை சேருகிற பல்கலைக்கழகம் தருகிற தரகில் பிழைக்கிறவர்கள். சித்தி மகளுக்கு விசாக் கடதாசி எல்லாம் ஒரு பிழையில்லாமல் செய்து கொடுத்தார்கள். சாதாரண இடமென்றால் போங்கள். ஆட்களைத் தேடி அலையத் தேவையில்லாத பல்கலைக்கழகத்துக்கு இவர்கள் எதற்கு?

மூன்று முறை ஏறி இறங்கி 20,000 ரூபாய் திரும்ப வாங்கினேன். தம்பி காலையில் கடை, மாலையில் வகுப்பு. நேற்று அந்த நிறுவனத்திலிருந்து வாட்ஸ்அப் வந்திருந்தது: கேம்பிரிட்ஜ் பொதிக்கு இந்த மாதம் பத்து வீதம் கழிவாம்.