12 நாளில் 3.7 கிலோ: கணக்குப் பிரிவுக்காரன் ஏமாந்த கணக்கு

எனக்கு வயது 47. பாளையங்கோட்டையில் வசிக்கிறேன்; ஓர் அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் 22 ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். நான்கு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு என்ற இரண்டு மாத்திரைகளையும் எடுத்து வருகிறேன். எடையைக் குறைத்துத் தருவதாகச் சொல்லிச் சத்துப் பால் விற்கும் ஒரு மையத்தில் சேர்ந்து, ஒரு மாதத்துக்குள் 15,550 ரூபாயைக் கொடுத்து, முப்பத்தோராம் நாள் அலுவலக மேசையிலேயே சுருண்டு விழும் நிலைக்கு வந்தேன். மையத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. இதே முறையில் இயங்கும் இடங்கள் ஊருக்கு நாலைந்து இருப்பதால், பெயரைத் தெரிந்துகொள்வதைவிட முறையைத் தெரிந்துகொள்வதே படிப்பவர்களுக்குப் பயன்படும் என்று நினைக்கிறேன்.

காலையில் வ.உ.சி. மைதானத்தில் நடக்கும்போது அறிமுகமான ஒருவர்தான் என்னை அழைத்தார். "அண்ணாச்சி, ஒருநாள் சும்மா வந்து எடை மட்டும் பாத்துட்டுப் போங்க, காசு ஒண்ணும் வேண்டாம்" என்று மூன்று நாள் விடாமல் சொன்னதில், நான்காம் நாள் மாலை அலுவலகம் முடிந்து நேராக அங்கே போனேன். ஒரு வீட்டின் மாடிப் பகுதி. பத்துப் பன்னிரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள், ஓயாமல் ஓடிக்கொண்டிருந்த ஒரு மிக்சி, சுவர் முழுவதும் 'முன்பு – பின்பு' படங்கள். பயிற்சியாளர் என்று அறிமுகப்படுத்தப்பட்ட பெண்மணி, என்னை வெறுங்காலுடன் ஓர் இயந்திரத்தின் மேல் ஏற்றி, இரு கைகளாலும் பிடியைப் பிடிக்கச் சொன்னார். எடை 84.6 கிலோ, கொழுப்பு 33 சதவீதம், உடலின் வயது 61 என்று வந்தது. அந்த 61ஐச் சிவப்பு மையால் வட்டமிட்டு, எதுவும் பேசாமல் என் முகத்தைப் பார்த்தார். பதினான்கு வயது கூடுதலாகக் கிழவனாகிவிட்டேன் என்ற அதிர்ச்சியில், அந்த இயந்திரம் கொழுப்பை நேரடியாக அளப்பதே இல்லை, உடலுக்குள் மெல்லிய மின்னோட்டத்தைச் செலுத்தி அது சந்திக்கும் தடையிலிருந்து ஒரு மதிப்பீட்டைத்தான் சொல்கிறது, குடித்த தண்ணீரும் நடந்த நடையும்கூட அந்த மதிப்பீட்டை மாற்றிவிடும் என்பதையெல்லாம் விசாரிக்க எனக்குத் தோன்றவில்லை.

எனக்கு என்ன நோய், என்ன மாத்திரை என்று அவர் கேட்கவில்லை என்று சொன்னால் அது பொய்யாகும். கேட்டார். சர்க்கரை என்றேன். "அது தானா சரியாயிரும் சார், நம்ம மெம்பர்ஸ் நிறைய பேர் மாத்திரையையே விட்டுட்டாங்க" என்றார். மாத்திரையின் பெயரை மட்டும் கேட்கவில்லை.

பன்னிரண்டு நாள் அட்டைக்கு 2,600 ரூபாய். காலையும் இரவும் மிக்சியில் மாவைக் கலக்கித் தரும் ஒரு டம்ளர் பால், மதியம் சோறில்லாமல் காய்கறி. மூன்றாம் நாள் காலை ஆறரை மணிக்கு மறுபடியும் எடை பார்த்தபோது 82.7 என்று வந்தது. அறையில் இருந்த எல்லோரும் கைதட்டினார்கள். பன்னிரண்டாம் நாள் காலையில் 80.9. மூன்று கிலோ எழுநூறு கிராம்! அன்றைக்கே என்னைச் சுவரோரம் நிறுத்திப் படம் எடுத்தார்கள். 'முன்பு' படத்துக்கு முதல் நாள் மாலையில் இறுக்கமான பனியனோடு வயிற்றைத் தளரவிட்டு நிற்கச் சொன்னவர்கள், 'பின்பு' படத்துக்குக் கட்டம் போட்ட புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னார்கள். இது நாடகம் என்று எனக்கும் தெரிந்தே இருந்தது. ஆனால் எடை இறங்கியது உண்மைதானே என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டு, அன்றே இரண்டு டப்பா மாவும் ஒரு டப்பா புரதப் பொடியும் அடங்கிய 8,600 ரூபாய்த் தொகுப்பை வாங்கினேன். திருநெல்வேலிக்காரனுக்கே அல்வா கொடுத்துவிட்டார்கள் என்று என் மனைவி இன்றும் சொல்லிக் காட்டுவாள்.

அதன்பின் எடை அசையவே இல்லை. 81, 80.8, 81.1 என்று அங்கேயே நின்றது. குறையாததற்குக் காரணம் நான்தான் என்பது பயிற்சியாளரின் தீர்ப்பு. மதியம் சாப்பிடும் காய்கறியையும் நிறுத்திவிட்டு மூன்று வேளையும் பாலுக்கு மாறினால் தேங்கியிருக்கும் கழிவு வெளியேறிக் கொழுப்பு கரையும் என்று சொல்லி, இருபத்து நான்காம் நாள் ஒரு மாத்திரைக் குப்பியையும் மூலிகைத் தேநீர்ப் பொட்டலத்தையும் 4,350 ரூபாய்க்குக் கொடுத்தார். தேநீரைக் குடித்த மறுநாள் நான்கு முறை வயிறு போனது. அதுதான் கழிவு வெளியேறுவதன் அடையாளம் என்று மையத்தின் வாட்ஸ்அப் குழுவில் எல்லோரும் வாழ்த்துச் சொன்னார்கள். பொட்டலத்தின் ஓரத்தில் எறும்பு எழுத்தில் அச்சிட்டிருந்ததைக் கைப்பேசிக் கேமராவில் பெரிதாக்கிப் படித்தபோது நிலாவரை இலை என்று இருந்தது. நம் வீடுகளில் பாட்டிமார் மலச்சிக்கலுக்குக் கொடுக்கும் அதே பேதி மருந்து. அதனால் வெளியேறுவது தண்ணீரும் மலமும்தான். கொழுப்பு ஒரு கிராம்கூட அந்த வழியாகப் போவதில்லை.

முப்பத்தோராம் நாள் முற்பகல் பதினொன்றரை மணியளவில், ஒரு பட்டியலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது எழுத்துகள் இரண்டிரண்டாகத் தெரிந்தன. மின்விசிறிக்கு நேர் கீழே அமர்ந்திருந்தும் சட்டை முழுக்க வியர்த்து நனைந்தது. பேனாவைப் பிடித்த விரல்கள் நடுங்கின. பக்கத்து மேசை அக்கா, அவரது தாயாரும் சர்க்கரை நோயாளி என்பதால் சர்க்கரை இறங்கிவிட்டது என்று பார்த்தவுடனேயே புரிந்துகொண்டு, தேநீர்க்காக வைத்திருந்த சர்க்கரையை மூன்று கரண்டி தண்ணீரில் கலக்கிக் குடிக்கவைத்தார். அடுத்த தெரு மருந்துக்கடையில் ரத்தச் சர்க்கரையைப் பார்த்தபோது 54 என்று காட்டியது. சர்க்கரை குடித்த பிறகும் 54. எழுபதுக்குக் கீழே இறங்கினாலே அபாயம்.

என் மருத்துவர் முதலில் கேட்ட கேள்வி, சாப்பாட்டைக் குறைத்தபோது மாத்திரையை யார் குறைத்தார்கள் என்பதுதான். கிளிமிபிரைடு என்பது நாம் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கவைக்கும் மருந்து. உணவைப் பாதி அளவுக்கும் கீழே இறக்கிவிட்டு அதே அளவு மாத்திரையைத் தொடர்ந்தால் சர்க்கரை தரைமட்டத்துக்குப் போகும் என்பதை அவர் எனக்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே சொல்லியிருந்தார், நான்தான் மறந்திருந்தேன். அன்றே அந்த மாத்திரையை நிறுத்தினார்.

பிறகு மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் அவர் போட்டுக் காட்டிய கணக்கை இங்கே அப்படியே தருகிறேன், ஏனென்றால் அந்த மையத்துக்குப் போகும் ஒவ்வொருவரையும் விழவைப்பது அந்த முதல் பன்னிரண்டு நாள் எண்தான். ஒரு கிலோ உடல் கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி இருக்கிறது. 3.7 கிலோவும் கொழுப்பாகவே இருந்தால், 28,490 கலோரியை நான் பன்னிரண்டு நாளில் எரித்திருக்க வேண்டும். அதாவது நாளொன்றுக்கு 2,374 கலோரி பற்றாக்குறை. நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கும் என் உடல் ஒரு நாளைக்குச் செலவழிக்கும் மொத்தமே ஏறக்குறைய அவ்வளவுதான் இருக்கும். முழுப் பட்டினி கிடந்தால்தான் எட்டக்கூடிய எண்ணை, பாலும் காய்கறியும் உட்கொண்டு எட்டியிருக்க முடியாது. அப்படியானால் குறைந்தது எது? கல்லீரலிலும் தசையிலும் சேமிப்பாக இருக்கும் மாவுச்சத்து நானூறு ஐந்நூறு கிராம். ஒவ்வொரு கிராமும் ஏறத்தாழ மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சோற்றையும் இட்லியையும் நிறுத்தியவுடன் முதல் சில நாட்களில் இந்தச் சேமிப்பும் தண்ணீரும் சேர்ந்து கரைந்து, ஒன்றரை இரண்டு கிலோ தானாகவே இறங்கும். மீண்டும் ஒரு வாரம் சோறு சாப்பிட்டால் அது அப்படியே திரும்பி வரும்.

மிச்சக் கணக்கை வீட்டில் நானே போட்டேன். முதல் எடையை அவர்கள் பார்த்தது மாலையில், மதியச் சாப்பாடும் தேநீரும் வடையும் வயிற்றில் இருக்க, பேன்ட் பையில் வண்டிச் சாவியும் கைப்பேசியும் பணப்பையும் இருக்க. மற்ற எல்லா எடையும் காலையில், வெறும் வயிற்றில், மெல்லிய அரைக்கால் சட்டையில். வீட்டுத் தராசில் ஒரே நாளில் இரண்டு விதமாகவும் நின்று பார்த்தேன்: 1.4 கிலோ வேறுபாடு. அதையும் தண்ணீரையும் கழித்தால் உண்மையில் கரைந்த கொழுப்பு எழுநூறு கிராமோ என்னவோதான் இருக்கும். வவுச்சரில் ஐம்பது ரூபாய் உதைத்தால்கூடத் திருப்பி அனுப்பும் நான், என் உடம்பின் கணக்கை மட்டும் கைதட்டலோடு ஏற்றுக்கொண்டிருந்தேன்.

பால் மாவால் எடையே குறையாது என்று சொல்ல வரவில்லை. அந்த மையத்தின் கூட்டங்களில் பிரிட்டனில் நடந்த ஓர் ஆய்வைத் திரையில் போட்டுக் காட்டுவார்கள். அந்த ஆய்வு உண்மையானது. 2017இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வெளியானது. சர்க்கரை நோய் வந்து ஆறு ஆண்டுகளுக்கு மிகாதவர்களுக்கு மூன்று முதல் ஐந்து மாதம் வரை நாளொன்றுக்கு 825 முதல் 853 கலோரி மட்டும் தரும் பானங்களைக் கொடுத்ததில், ஓராண்டு முடிவில் 46 சதவீதத்தினர் மருந்தில்லாமலேயே சர்க்கரை கட்டுக்குள் வந்த நிலையை அடைந்தார்கள். ஆனால் திரையில் காட்டாத பகுதி ஒன்று உண்டு: அந்த ஆய்வில் சர்க்கரை மாத்திரைகளையும் ரத்த அழுத்த மாத்திரைகளையும் முதல் நாளே நிறுத்திவிட்டார்கள், செவிலியரும் உணவியலாளரும் தொடர்ந்து கண்காணித்தார்கள், பிறகு வழக்கமான உணவுக்குப் படிப்படியாகத் திரும்பவைத்தார்கள். மாடிப் பகுதியில் மிக்சி ஓட்டுபவரால் இவற்றில் எதையும் செய்ய முடியாது. டப்பாவிலேயே 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருக்கிறது. நம் நாட்டு உணவுச் சட்டப்படி துணை உணவுகளில் அந்த வாசகம் இருந்தாக வேண்டும். டப்பாவைக் கையில் பிடித்துக்கொண்டே அவர்கள் சர்க்கரை குணமாகும் என்றார்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, திறந்த டப்பாவை எடுத்துக்கொள்ள முடியாது என்றார்கள். அதற்குப் பதிலாக ஒரு யோசனை சொன்னார்கள்: நான்கு பேரை நான் கொண்டுவந்து சேர்த்தால், அவர்கள் வாங்குவதில் எனக்குப் பங்கு வரும், என் பால் எனக்கு இலவசமாகிவிடும். மைதானத்தில் என்னைத் துரத்தித் துரத்தி அழைத்தவரின் அக்கறை எங்கிருந்து வந்தது என்பது அப்போதுதான் விளங்கியது. ஆட்களைச் சேர்த்துவிட்டால் வாங்கிய விலையை மீட்டுக்கொள்ளலாம் என்று ஆசை காட்டிப் பொருள் விற்பதை 2021ஆம் ஆண்டின் நேரடி விற்பனை விதிகள் தடை செய்கின்றன. பொருளைத் திருப்பித் தரும் முறையை விற்பதற்கு முன்பே சொல்ல வேண்டும் என்றும் அவை கூறுகின்றன. எனக்கு யாரும் எதையும் சொல்லவில்லை, ரசீதும் தரவில்லை. நான் ஜிபேயில் அனுப்பிய பணம் முழுவதும் பயிற்சியாளரின் கணவர் பெயரில் இருந்த தனிப்பட்ட கணக்குக்குப் போயிருந்தது. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் புகாரைப் பதிவு செய்யும்போது, அந்தப் பரிமாற்றங்களின் படங்களும் வாட்ஸ்அப் உரையாடலும்தான் கைகொடுத்தன. புகார் எண்ணைக் குழுவில் போட்ட அன்று மாலையே, திறக்காத ஒரு டப்பாவுக்கு 2,100 ரூபாய் வந்தது. மற்ற 13,450 ரூபாய் போனது போனதுதான். அடையாளமற்ற அந்த மாத்திரைக் குப்பியை உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் ஒப்படைத்திருக்கிறேன். இந்தியாவில் 2011இலேயே தடை செய்யப்பட்ட சிபுட்ரமின் என்ற பசியடக்கி மருந்து, இதயத்துக்கும் ரத்த அழுத்தத்துக்கும் கேடு விளைவிப்பது, இதுபோன்ற மூலிகை மாத்திரைகளில் கலந்து விற்கப்பட்டுப் பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது என்று மருத்துவர் சொன்னதிலிருந்து, அந்தக் குப்பியை வீட்டில் வைத்திருக்கவே எனக்குப் பயமாக இருந்தது.

இப்போது என்ன சாப்பிடுகிறேன் என்று கேட்பவர்களுக்கு: பாலை நிறுத்திய மூன்றே வாரத்தில் 83.8க்குத் திரும்பிவிட்டேன். பிறகு உணவியலாளர் ஒருவரின் மேற்பார்வையில், மதியம் நான்கு கரண்டி சோற்றை ஒன்றரையாக்கி, பொரியலை இரு மடங்காக்கி, இரவு இரண்டு இட்லியோடு ஒரு கிண்ணம் சுண்டலோ இரண்டு முட்டையோ சேர்த்துக்கொள்கிறேன். மூன்று பேர் உள்ள வீட்டில் மாதம் நான்கு லிட்டர் எண்ணெய் வாங்கியது இரண்டாகியிருக்கிறது. மாதம் தலைக்கு அரை லிட்டர் என்ற பரிந்துரை அளவுக்கு இன்னும் வரவில்லை. மாலை வடையை விடுவதுதான் எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது. ஐந்து மாதத்தில் 78.2. மாவுச்சத்தைக் குறைப்பதா, கொழுப்பைக் குறைப்பதா என்று உணவியலாளரிடம் வாதிட்டேன். 2018இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 609 பேரை இரு பிரிவாக்கி ஓராண்டு பார்த்ததில், ஒரு பிரிவு 5.3 கிலோவும் மற்றொன்று 6 கிலோவும்தான் குறைந்தன, குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்று எடுத்துக் காட்டிவிட்டு, "நீங்க எதை ரெண்டு வருஷம் விடாம சாப்பிடுவீங்களோ அதைச் சொல்லுங்க சார், நான் அளவு போட்டுத் தர்றேன்" என்றார். எனக்கு என்ன பிடிக்கும் என்று முதன்முதலாகக் கேட்டவர் அவர்தான்.

என் படத்தை நீக்கும்படி அந்த மையத்துக்கு மூன்று முறை எழுதிவிட்டேன். இன்னும் சுவரில் இருப்பதாக மைதானத்து நண்பர்கள் சொல்கிறார்கள். நீங்கள் அங்கே போக நேர்ந்து, கட்டம் போட்ட சட்டையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஒரு கண்ணாடிக்காரரைப் பார்த்தால், அது பன்னிரண்டாம் நாள் காலை வெறும் வயிற்றில் எடுத்த படம்.